பிணமும் வைத்தியமும்

(முத்தாண்டிக்குப்பம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் "பிணமும் வைத்தியமும்" என்பதாகும். இத்தலைப்பைத் தட்டியில் எழுதிக் கடைத்தெருவில் வைத்ததும், இவ்வூர்ப் பெரியவர் ஒருவர், "விளக்கு வைக்கிற வேளையில் பிணத்தைப் பற்றிப் பேசத்தான் இவர்கள் பஸ் ஏறி வருகிறார்களா?" என்று கேட்டதாக நம் தோழர்கள் சொன்னார்கள். அவர் கேட்டதில் தப்பில்லை. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளாமல் முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கின்றாரே, அதற்காக அவருக்கு முதலில் நம் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.

நாம் வைத்தியம் படித்தவரல்ல. நமது பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிறகு நாமாகப் படித்ததும், வைத்தியக் கல்லூரிகளில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதுமே இங்கு சொல்லப் போவதாகும். சந்தேகம் வந்தால் உங்களூர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு வந்தவர்தான்.

இதோ மேசைமேல் இருக்கின்றதே, இது மனிதனுடைய மண்டையோட்டைப் போலப் பிளாஸ்டிக்கில் செய்தது. குழந்தைகள் பயப்பட வேண்டாம். இதன் உச்சியில் கோணல்மாணலாக, வளைந்து நெளிந்து, யாரோ அவசரத்தில் கிறுக்கியது போல் கோடுகள் ஓடுகின்றன, பாருங்கள். சுடுகாட்டில் இதைப் பார்த்தவர்கள்தான், "அதோ பிரமன் எழுதிய எழுத்து" என்று சொன்னார்கள். தலையெழுத்து என்கின்ற வார்த்தைக்குச் சாட்சியாக இன்றைக்கும் கிராமத்தில் காட்டப்படுவது இதுதான். பெண்ணுக்குப் புருஷன் செத்தால் தலையெழுத்து. கூலிக்காரனுக்குக் கூலி கிடைக்காவிட்டால் தலையெழுத்து. பரீட்சையில் தவறினாலும் தலையெழுத்து.

இந்த எழுத்து என்னவென்று உடற்கூறு படித்தவனைக் கேட்டால் அவன் சொல்லுவான்: மண்டை ஒரே எலும்பல்ல, பல எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று பல்லுக்குப் பல் கோத்துக்கொண்ட இணைப்பு வரிகள்தான் இவை என்று. குழந்தை பிறக்கும்போது இந்தத் தகடுகள் ஒட்டியிருப்பதில்லை. குறுகலான வழியில் தலை வெளியே வரவேண்டுமானால் தகடுகள் கொஞ்சம் நெருங்கிக் கொடுக்கவேண்டும். பிறந்த பிறகு மூளை மளமளவென்று வளருவதற்கும் இடம் வேண்டும். பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதைத் தாய்மார்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அது தகடுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியாகும். பெரும்பாலும் ஒன்றரை வயது வாக்கில் அது மூடிக்கொள்ளுகின்றது. ஆகவே பிரமன் எழுதியதாகச் சொல்லப்படும் இவ்வெழுத்து, ஜில்லாக் கலெக்டர் தலையிலும், இந்த வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்துபோன அம்மாள் தலையிலும் ஒரே மாதிரி, முன்னே குறுக்காக ஒன்று, நடுவே நெடுக்காக ஒன்று, பின்னே கூரைபோல் ஒன்று என்றே ஓடுகின்றது. எல்லோருக்கும் ஒரே எழுத்தை எழுதியவன், ஒருவனுக்கு மாளிகையும் ஒருத்திக்கு வெந்த கையும் எப்படிக் கொடுத்தான்?

இந்தச் சின்ன உண்மை தெரிவதற்கே ஒருவன் மண்டையைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. பார்க்காமல் எட்ட நின்று கும்பிட்டவனுக்கு அது எழுத்தாகத்தான் தெரிந்தது.

நிற்க, நீங்கள் பலா விளையும் சீமைக்காரர்கள். கணக்கதிகாரம் என்று ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில், பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முள்ளை எண்ணி, அதைப் பெருக்கி வகுத்து, உள்ளே இத்தனை சுளை என்று சொல்ல ஒரு வழி இருக்கின்றது. நல்ல வேடிக்கையான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு சரியா, தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்ளுவது? கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பழத்தை அறுத்துத்தானே பார்க்கவேண்டும்! வெளியிலிருந்து எண்ணுகின்றவன் பண்டிதன் என்று பெயர் வாங்கலாம். அறுத்து எண்ணியவனுக்குத்தான் சுளை எத்தனை என்று தெரியும்.

மனித உடம்பு விஷயத்தில் உலகம் முழுதும் வெகு காலம் முள்ளை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. நம் நாடு மாத்திரமல்ல. ரோமாபுரிச் சாம்ராஜ்யத்தில் காலன் என்று ஒரு பெரிய வைத்தியர் இருந்தார். நம்முடைய எமனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அக்காலத்தில் மனிதப் பிணத்தை அறுக்க இடமில்லாதபடியால் அவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, மனிதனுக்கும் அப்படியே இருக்கும் என்று எழுதி வைத்தார். அவர் மேல் குற்றமில்லை. தம்மால் முடிந்ததைச் செய்தார். குற்றம் பின்னால் வந்தவர்கள்மேல். ஏறக்குறைய 1,300 வருஷ காலம் அந்தப் புத்தகத்தை வேதம்போல் வைத்துக்கொண்டு, பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அதை வாசிப்பதும், கீழே ஒரு நாவிதன் உடலை அறுப்பதும், புத்தகத்துக்கும் உடம்புக்கும் பொருந்தாவிட்டால் உடம்பின்மேல் பழி போடுவதுமாகக் காலங் கடத்தினார்கள்.

வெசாலியஸ் என்கின்ற ஒரு வாலிபன் இதற்கு முடிவு கட்டினான். லூவன் பட்டணத்துக்கு வெளியே தூக்குமரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குற்றவாளியின் எலும்புக்கூட்டைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்து கோத்துப் படித்தவன் அவன். பிறகு பதுவா நகரில் ஆசிரியனானதும் நாற்காலியை விட்டு இறங்கித் தானே கத்தியைக் கையில் எடுத்தான். 1543-இல் தன் 28-ஆம் வயதில் மனித உடலின் அமைப்பைப் பற்றிப் படங்களோடு பெரும் புத்தகம் வெளியிட்டான். மனிதனுடைய கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று காலன் சொன்னது தப்பு, ஒன்றுதான் என்று காட்டினான். ஆணின் விலாவிலிருந்து ஒரு எலும்பை எடுத்துப் பெண்ணை உண்டாக்கியதாகக் கிறிஸ்தவர் வேதத்தில் இருப்பதால் ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டே. இதற்கு அவனுடைய பழைய குரு என்ன பதில் சொன்னார் தெரியுமா? காலன் தப்பாக எழுதவில்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்பே மாறிப்போய்விட்டது என்றார்! நம் ஊர்ச் சாஸ்திரிகளுக்குச் சீமையிலும் அண்ணன் தம்பிகள் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். "எல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும்" என்று சொல்லுகின்றவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. சுசுருதருடைய நூலில், உடம்பை அறியவேண்டியவன் பிணத்தைக் கூண்டில் வைத்து ஓடுகின்ற நீரில் ஏழு இரவு ஊறவிட்டு, பிறகு புல்லாலும் மூங்கில் பட்டையாலும் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்த்துக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளவேண்டும் என்று விதி இருக்கின்றது. எழுதியவன் புத்திசாலி என்பதில் சந்தேகமில்லை. அதே நூலில் எலும்பு 300 என்று எண்ணியிருப்பதும், வளர்ந்த மனிதனுக்கு உண்மையில் 206 என்பதும் வேறு விஷயம். பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணினால் கணக்கு கூடத்தான் செய்யும்.

நாம் கேட்பது என்னவென்றால், அப்படி எழுதிய நாட்டில் அந்தப் படிப்பு ஏன் மேலே வளரவில்லை? பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றார்கள். வைத்தியனையே சிராத்தத்தில் விலக்கவேண்டியவர்களோடு சேர்த்து மனு எழுதி வைத்தான். பிணத்தைத் தொட்டுத்தான் ஆகவேண்டிய வேலையை ஒரு கூட்டத்தார் தலையில் கட்டி, அவர்களை வெட்டியான் என்று பெயரிட்டு ஊருக்கு வெளியே தள்ளினார்கள். கவனியுங்கள், தோழர்களே! படித்தவன் பிணத்தைத் தொடக்கூடாது. பிணத்தைத் தொடுகின்றவன் படிக்கக்கூடாது. இந்த ஏற்பாட்டில் உடற்கூறு எப்படி வளரும்? எலும்பு எரிவதையும் குடல் வெடிப்பதையும் தினம் கண்ணால் பார்த்தவன் வாயைக் கட்டி வைத்தார்கள். ஒன்றையும் பார்க்காதவன் எழுபத்தீராயிரம் நாடி என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

1835-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கும் பள்ளிகள் ஏற்பட்டன. கல்கத்தாவில் பிணத்தை அறுக்க எந்த மாணவன் முன்வருவான் என்பதே பெரிய கேள்வியாயிருந்தது. மதுசூதன குப்தர் என்பவர், ஆயுர்வேதம் படித்த சமஸ்கிருத பண்டிதர், 1836-இல் கத்தியை எடுத்தார். கலகம் வருமோ என்று பயந்து கல்லூரி வாசற் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காரியம் நடந்ததாகச் சொல்லப்படுகின்றது. பண்டிதர் ஒருவர் தீட்டை உதறியதற்கே கதவைச் சாத்த வேண்டியிருந்ததென்றால் அன்றைய நாட்டின் யோக்கியதையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இந்தப் படிப்பு வந்த கதை இன்னும் ருசியானது. நம்மவர்களில் பலருக்குத் தெரியாதது. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் என்று ஓர் ஊர். 1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் என்கின்ற டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் பாதிரிமார் சங்கத்தின் ஆள். மதம் பரப்ப வந்தவர். அந்த எண்ணத்தோடு நமக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அவர் செய்த காரியம் என்ன? தமிழனுக்கு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்தார். தாம் தமிழ் கற்றார். தம்மிடம் படித்தவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு எலும்புக்கும் தசைக்கும் தமிழ்ப்பேர் தேடினார். கிரே என்பவர் 1858-இல் இங்கிலீஷில் வெளியிட்ட பெரிய உடற்கூற்று நூல், "மனுஷ அங்காதிபாதம்" என்ற பேரில் 1872-இல் தமிழில் அச்சாகி வந்துவிட்டது. இன்றைக்கு 150 வருஷத்துக்கு முன்! தமிழில் வைத்தியம் படிக்க முடியுமா, வார்த்தை இருக்கின்றதா என்று இன்றும் பட்டணத்தில் சந்தேகப்படுகின்றவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வார்த்தை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். "நரம்பு" என்கின்றோம். "நரம்பில் ஊசி போட்டார்" என்னும்போது அது இரத்தக் குழாய். "கணுக்காலில் நரம்பு பிசகிவிட்டது" என்னும்போது அது எலும்பை எலும்போடு கட்டுகின்ற நார். "நரம்புத் தளர்ச்சி" என்னும்போதுதான் அது உண்மையான நரம்பு, அதாவது மூளையின் கட்டளையைக் கொண்டுபோகின்ற தந்திக் கம்பி. மூன்றும் வெவ்வேறு வஸ்து. மூன்றுக்கும் ஒரே பேர் வைத்துக்கொண்டிருப்பது நம் ஜனங்கள் முட்டாள்கள் என்பதாலல்ல. தோலுக்குக் கீழே பார்க்க நம்மை யாரும் விட்டதில்லை.

இந்த வித்தியாசம் தெரியாததால் வருவது என்ன? கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுகின்றோம்.

நமது ஊரில், நமக்கு மூன்றாவது வீட்டில், ஏழு வயதுப் பையன் ஒருவன். காய்ச்சல் வந்தது. பக்கத்திலிருந்த ஒருவன், ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் எடுபிடியாயிருந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவன், பிருஷ்டத்தில் ஊசி போட்டான். காய்ச்சல் விட்டது, பையன் எழுந்தபோது வலது பாதம் தூக்க வரவில்லை. செருப்பு தரையில் தேய, அந்தப் பாதம் தொங்கிக்கொண்டே வந்தது. தாயார் என்ன செய்வாள்? கண்ணேறு என்றார்கள், கழித்தாள். சாமி குற்றம் என்றார்கள், தாலியிலிருந்த குண்டுமணித் தங்கத்தை விற்று வெள்ளியில் ஒரு கால் செய்து உண்டியலில் போட்டாள். எட்டு மாதம் கழித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை, இருபது வயதுகூட இருக்காது, பையனை நடக்கச் சொல்லிப் பார்த்த மாத்திரத்தில், "இவனுக்கு இங்கே ஊசி போட்டார்களா?" என்று விரலை வைத்துக் கேட்டாள். தாயார் அந்தப் பெண்ணை ஜோசியக்காரி என்றே நினைத்துவிட்டாள்.

ஜோசியமல்ல, தோழர்களே! இடுப்பிலிருந்து கால் வரைக்கும் ஒரு பெரிய நரம்பு ஓடுகின்றது. ஏறக்குறையக் கட்டைவிரல் கனம். உடம்பிலேயே மிகப் பெரிய நரம்பு அதுதான். பிருஷ்டத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு நாலு பாகமாக்கினால், அந்த நரம்பு உட்பக்கமாகவும் கீழ்ப்பாகமாகவும் போகின்றது. மேலே வெளிப்புறமாக உள்ள கால் பாகத்தில் ஊசி போட்டால் அபாயம் குறைவு; மற்ற இடத்தில் போட்டால் பையன் கால் போச்சு. அந்தப் பெண் முதல் வருஷப் படிப்பில் ஒரு பிணத்தின் பிருஷ்டத்தை அறுத்து, கொழுப்பை விலக்கி, தசையைத் தூக்கி, அந்த நரம்பைத் தன் விரலால் தொட்டுப் பார்த்திருக்கின்றாள். தொட்ட விரல் மறக்காது. கைக்குழந்தைக்குத் தடுப்பூசியைப் பிருஷ்டத்தில் போடாமல் தொடையின் முன்பக்க ஓரத்தில் போடுகின்றார்களே, ஏன் என்று தாய்மார்கள் யோசித்ததுண்டா? அங்கே சதை உண்டு, பெரிய நரம்பு குறுக்கே வராது. அவ்வளவுதான் ரகசியம்.

அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. பாதத்துக்குக் கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு நடக்கின்றான். வெள்ளிக் கால் உண்டியலில் போனதுதான்.

"சரி, உடம்பை ஒருதரம் அறுத்துப் பார்த்துப் புத்தகம் எழுதியாகிவிட்டதே, இன்னும் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். இதற்கு நாம் பதில் சொல்லுவதைவிட நீங்களே உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் வலது கையை நீட்டுங்கள். பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒன்றோடொன்று அழுத்தி, மணிக்கட்டைக் கொஞ்சம் உட்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு கயிறு போல் புடைத்து நிற்கின்றதா? நிற்கின்றவர்கள் கை தூக்குங்கள். மெத்தச் சரி. நிற்காதவர்களும் அங்கங்கே இருக்கின்றீர்கள். பயப்படவேண்டாம், உங்களுக்கு வியாதி ஒன்றுமில்லை. அந்தத் தசை சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. எத்தனை பேருக்கு இல்லை என்பது தேசத்துக்குத் தேசம் மாறுகின்றது. இல்லாவிட்டாலும் கைக்கு நஷ்டமில்லை. இருப்பவர்களுக்கு ஒரு லாபம்: மிஷினில் சிக்கி விரலின் நாண் அறுந்துபோனால், டாக்டர் இந்தக் கயிற்றை எடுத்து அங்கே வைத்துத் தைக்க முடியும். சுரங்கத்திலும் பட்டறையிலும் வேலை செய்கின்றவர்கள் நிறைந்த இந்த ஊரில் இது வீண் பேச்சல்ல.

கையை நீட்டியிருக்கும்போதே கைரேகையையும் பார்த்துவிடுங்கள். தாயின் வயிற்றில் மூன்றாம் மாத வாக்கிலேயே உண்டாகின்ற மடிப்புகள் இவை. உள்ளங்கை மடங்குவதற்குத் தோலில் ஏற்பட்ட மடிப்பு. வேட்டியை மடித்து வைத்தால் மடிப்பு விழுகின்றது. அதைப் பார்த்து வேட்டியின் ஆயுளைச் சொல்லமுடியுமா?

இப்படியே உள்ளேயும் மனிதனுக்கு மனிதன் அமைப்பு மாறுகின்றது. சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகின்ற குழாய் பக்கத்துக்கு ஒன்று என்று புத்தகம் சொல்லும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கூடுதலாகக் குழாய் இருக்கின்றது. ஒருவர் சிறுநீரகத்தை எடுத்து மற்றொருவருக்கு வைக்கின்ற டாக்டர் இது தெரியாமல் கத்தி வைத்தால் என்ன ஆகும்? முன்கழுத்துக் கழலையை எடுக்கும்போது அதன் பின்புறம் ஒட்டி ஓடுகின்ற ஒரு மெல்லிய நரம்பு அறுபட்டால் நோயாளியின் குரல் கம்மிவிடும். பித்தப்பையை எடுக்கும்போது அதன் குழாய்கள் எத்தனையோ தினுசாக வளைந்து கிடக்கும். இந்தத் தினுசுகளை எல்லாம் உடலுக்கு உடல் அறுத்து, அளந்து, எண்ணி எழுதுவதுதான் இன்றைய உடற்கூற்று ஆராய்ச்சி. வெள்ளைக்காரன் முழங்காலை அளந்து செய்த செயற்கை மூட்டு நம் ஊர்ப் பாட்டியம்மாளுக்குப் பெரிதாகப் போய்விடுகின்றது என்று எலும்பு டாக்டர்கள் சொல்லுகின்றார்கள். நம் உடம்பை நம்மவர்களே அளந்தாலொழிய நமக்குப் பொருந்துகின்ற மூட்டு எங்கிருந்து வரும்?

இப்போது படங்காட்டும் கம்ப்யூட்டர் மேசைகளும் வந்துவிட்டன. 1977-இல் ஹைடல்பர்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட முறைப்படி உறுப்புகளைப் பிளாஸ்டிக் ஏற்றிப் பல காலம் கெடாமல் வைக்கவும் முடிகின்றது. எல்லாம் நல்லதே. ஆனால் நீச்சலைப் படத்தில் பார்த்துவிட்டு யாரும் பெருமாள் ஏரியில் குதிப்பதில்லை.

இனித்தான் நாம் சொல்லவந்த முக்கிய விஷயம். இத்தனை நாள் வைத்தியம் கற்பதற்கு உடம்பு கொடுத்தவர்கள் யார்?

1828-இல் ஸ்காட்லாந்து தேசத்தில் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்று இருவர். அங்கே வைத்தியப் பள்ளிக்குப் பிணம் கிடைப்பது அரிது, நல்ல விலை. இவ்விருவரும் அனாதைகளையும் பிச்சைக்காரர்களையும் தங்க இடம் கொடுத்து, சாராயம் கொடுத்து, மூச்சை அடைத்துக் கொன்று விற்றார்கள். பதினாறு பேர்! பர்க் தூக்கிலிடப்பட்டு அவன் உடலும் அறுக்கப்பட்டது. பிறகு 1832-இல் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டம் செய்தார்கள். என்ன சட்டம்? பிரபுக்களே, உங்கள் உடலைக் கொடுங்கள் என்றா? இல்லை. தரும விடுதிகளில் செத்து, கேட்பாரற்றுக் கிடக்கும் ஏழைகளின் உடலை எடுத்துக்கொள்ளலாம் என்று. அதே வருஷத்தில் பெந்தம் என்கின்ற அறிஞர் தம் உடலை அறுத்துப் படிக்கும்படி எழுதி வைத்துவிட்டு இறந்து, அப்படியே செய்யப்பட்டது. அவரைப் போன்றவர்கள் அன்று வெகு சிலரே.

நம் நாட்டுக் கணக்கு இதைவிட மோசம். 1985-இல் சர்க்கார் தடுக்கும்வரை மேல்நாட்டு வைத்தியக் கல்லூரிகளில் தொங்கிய எலும்புக்கூடுகளில் பெரும் பகுதி கல்கத்தாவிலிருந்து கப்பலேறிப் போனவை. அவை எந்த ஜமீன்தாருடைய எலும்பும் அல்ல. நம் ராஜ்யத்தில் 1951-இல் ஏற்பட்ட உடற்கூற்றுச் சட்டமும் கேட்பாரற்ற உடலைக் கல்லூரிக்குக் கொடுப்பதற்கான சட்டமே. ஆஸ்பத்திரியில் செத்து, தேடி வர ஆளில்லாதவன். பிழைக்க வந்த ஊரில் நடைபாதையில் விழுந்தவன். பிள்ளைகளால் விரட்டப்பட்ட கிழவி. இவர்கள்தான் நம் டாக்டர்களுக்கெல்லாம் ஆதி உபாத்தியாயர்கள். உயிரோடிருந்தபோது ஒரு மாத்திரைக்கு வழியில்லாதவன், செத்த பிறகு பணக்காரன் இருதயத்தில் கத்தி வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கின்றான். அவனைக் கேட்டவர் யார்? சம்மதம் வாங்கியவர் யார்? நன்றி சொன்னவர் யார்? இப்போது பல கல்லூரிகளில் முதல் நாள் மாணவர்கள் அந்த உடலின் முன் நின்று மரியாதையாக நடந்துகொள்வதாக உறுதிமொழி எடுக்கின்றார்கள் என்று கேள்விப்பட்டோம். நல்ல காரியம். வெகு காலம் கழித்தாவது வந்ததே.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் நம் நாட்டில் திறக்கப்பட்டன. உங்களுக்குப் பக்கத்தில் கள்ளக்குறிச்சியிலும் அரியலூரிலும் அவற்றில் இரண்டு. நம் பிள்ளைகள் டாக்டராவதற்கு இடம் கேட்கின்றோம், போராடுகின்றோம், கிடைத்தால் வெடி வெடிக்கின்றோம். அந்தப் பிள்ளை படிக்க உடம்பு மாத்திரம் யாரோ ஒரு அனாதையுடையதாயிருக்கவேண்டும்! இது என்ன நியாயம்? பாடம் எல்லோருக்கும் என்றால் உடலும் எல்லோரிடமிருந்தும் வரவேண்டாமா?

"கண்ணைக் கொடுத்தால் அடுத்த ஜன்மத்தில் குருடாய்ப் பிறப்போமே" என்கின்றார்கள். சுட்டுச் சாம்பலானவன் அடுத்த ஜன்மத்தில் சாம்பலாகவா பிறக்கின்றான்? புதைத்தவனைப் புழு தின்றதே, அவன் கண்ணோடு பிறந்தானா? "உடம்பை அறுத்தால் அவமானம்" என்கின்றார்கள். செத்தவனுக்கு அவமானம் தெரியாது. உயிரோடிருக்கும்போது சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகப் பாதை விடாமல், வயல் வரப்பில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்து போகச் செய்கின்றீர்களே, அதுதான் அவமானம். ஜாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கின்ற நாட்டில், உடற்கூற்று அறையில் மாத்திரந்தான் ஜாதிக்கொரு மேசை கிடையாது. அங்கே எந்த டாக்டரும் முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன் என்று கண்டுபிடித்ததில்லை. எல்லோரும் பிறந்த பை ஒன்றுதான். அதையும் அங்கே எடுத்துக் காட்டுவார்கள்.

இதில் நமக்கு ஒரு மனக்குறை இருக்கின்றது, ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். நமது தோழர் ஒருவர், நம்மோடு பதினைந்து வருஷம் மேடையேறியவர், தம் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கும்படி எழுதிக் கையெழுத்திட்டு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அவர் இறந்த அன்று நாம் போய்ச் சேருவதற்குள் பங்காளிகள் வந்து கூடிவிட்டார்கள். "ஊரார் என்ன சொல்லுவார்கள்? காசில்லாமல் கொடுத்துவிட்டார்கள் என்பார்கள்" என்று அந்தம்மாளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அந்தம்மாள் நம்மைப் பார்த்து, "அண்ணே, அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லையே. சுவரில் மாட்டினாரே தவிர, எனக்கு வாசித்துக் காட்டவில்லையே" என்றார்கள். நமக்கு வாயடைத்துப் போயிற்று. மாலையில் பறை முழங்க, பொரி இறைத்துக் கொண்டுபோய் எரித்தார்கள். தப்பு பங்காளிகளுடையது மாத்திரமல்ல. ஊரெல்லாம் பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டில் சோறு போட்டவளிடம் பேசாத நம்முடையதுந்தான்.

ஏனெனில், நீங்கள் என்னதான் எழுதி வைத்தாலும், நீங்கள் இறந்த பின் உடலை ஒப்படைப்பது உங்கள் வீட்டாருடைய கையில்தான் இருக்கின்றது. மனைவியோ, மகனோ, மகளோ சம்மதிக்காவிட்டால் கல்லூரிக்காரர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது பேசுங்கள். பெண்களும் தங்கள் உடலைப் பற்றிப் பேசுங்கள், அது உங்களுடையது. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லையே என்று ஏங்குகின்ற தாய்மார்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. இங்கே கொள்ளியே கிடையாது, கையெழுத்துத்தான். அதை மகளே போடலாம்.

காரியமாகத் தெரிந்துகொள்ளவேண்டியவை கொஞ்சந்தான். உங்களுக்குச் சிதம்பரத்து அரசு மருத்துவக் கல்லூரியும், முண்டியம்பாக்கமும், புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே உடற்கூற்றுப் பகுதியில் கேட்டால் விண்ணப்பத் தாள் கொடுப்பார்கள். சாட்சியாக உறவினர் கையெழுத்திடவேண்டும். இறந்ததும் டாக்டரிடம் இறப்புச் சான்று வாங்கிக்கொண்டு, தாமதமில்லாமல் கல்லூரிக்குத் தெரிவிக்கவேண்டும். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிடவேண்டும். கண் கொடுத்த பிறகும் உடலை ஏற்றுக்கொள்ளுகின்றார்கள். விபத்து, தற்கொலை முதலிய போலீஸ் சம்பந்தப்பட்ட சாவாகிப் பரிசோதனைக்காக அறுத்த உடலையும், எய்ட்ஸ், மஞ்சட்காமாலைக் கிருமி போன்ற தொற்றுள்ள உடலையும் ஏற்கமாட்டார்கள். அப்படித் திருப்பி அனுப்பினால் அவமானம் என்று நினைக்கவேண்டாம். மாணவர்களைக் காப்பதற்காகச் செய்வது அது.

உறுப்புக் கொடுப்பது வேறு. அது மூளை செத்து, இருதயம் மட்டும் மிஷினின் உதவியோடு துடித்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலேயே நடப்பது. 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடக்கின்றது. அப்படிக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் எழுதி வைக்கலாம். எது முடிகின்றதோ அது நடக்கும்.

நாமும் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். நம் மனைவியார் சாட்சிக் கையெழுத்திட்டுவிட்டு, தமக்கும் ஒரு தாள் வாங்கி வரச் சொன்னார். மூத்த மகன்தான் இன்னும் சரியென்று சொல்லவில்லை. அவனோடு வாதாடிக்கொண்டிருக்கின்றோம்.

விண்ணப்பத் தாள்கள் மேசையின் அந்தக் கோடியில் நிற்கும் தோழரிடம் இருக்கின்றன. இன்றே கையெழுத்துப் போடவேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டுங்கள். முன் வரிசைப் பெரியவர் ஏதோ கேட்கவேண்டுமென்று கை தூக்கிக்கொண்டேயிருக்கின்றார். ஐயா, மேடைக்கே வாருங்கள்.